சுவரை உற்றுப் பார்த்து கன்சோல் வாங்காதீர்கள்

ஒரே விளையாட்டு, இரண்டு கன்சோல்கள். திரையின் இடப்பக்கம் பிளேஸ்டேஷன் 5, வலப்பக்கம் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ். ஓடிக்கொண்டிருக்கும் காட்சியை நிறுத்தி, தூரத்தில் தெரியும் ஒரு செங்கல் சுவரைப் பல மடங்கு பெரிதாக்கி, 'இதோ, இந்தப் பக்கம் கோடு கூர்மை' என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். கன்சோல் வாங்க நினைப்பவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது இந்த மாதிரிப் படங்களைத்தான். நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்தேன். இப்போது அந்தப் படத்தை வைத்து யாருக்கும் யோசனை சொல்வதில்லை. விளையாடும்போது அந்தச் சுவரை நீங்கள் அரை விநாடிகூடப் பார்க்கப் போவதில்லை. விளையாட்டு ஓடுகிற பொருள். அது எவ்வளவு சீராக ஓடுகிறது என்பதைத்தான் கையும் கண்ணும் முதலில் உணரும்.

கன்சோல் சண்டையில் அதிகம் அடிபடும் சொல் டெராஃப்ளாப், அதாவது விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற அளவு. சீரீஸ் எக்ஸுக்கு 12.15, பிளேஸ்டேஷன் 5-க்கு 10.28, எக்ஸ்பாக்ஸின் சின்ன, மலிவான மாடலான சீரீஸ் எஸ்ஸுக்கு 4. இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதன் மேல் இருக்கும் பிரமிப்பு பாதி குறைந்துவிடும். கிராஃபிக்ஸ் சிப்பில் எத்தனை கணிப்பு அலகுகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அலகிலும் 64 சிறு கணிப்பான்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கணிப்பான் இரண்டு கணக்குப் போடும். இதைச் சிப்பின் வேகத்தோடு பெருக்க வேண்டும், அவ்வளவுதான். சீரீஸ் எக்ஸில் 52 அலகுகள், 1.825 கிகாஹெர்ட்ஸ். பிளேஸ்டேஷன் 5-இல் 36 அலகுகள்தான், ஆனால் 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். பெருக்கிப் பாருங்கள், மேலே சொன்ன எண்கள் வந்துவிடும்.

எல்லா அலகுகளும் ஒரு கணமும் சும்மா இல்லாமல் உழைத்தால் கிடைக்கும் உச்சம் இது. நிஜ விளையாட்டில் அப்படி நடப்பதில்லை. நினைவகத்திலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் நேரம் உண்டு. அலகுகளின் எண்ணிக்கையைவிட சிப்பின் வேகத்தை நம்பியிருக்கும் வேலைகளும் உண்டு. அங்கே பிளேஸ்டேஷன் 5-இன் 2.23 கைகொடுக்கும். இன்னொன்று நினைவகம். பிளேஸ்டேஷன் 5-இன் 16 ஜிபியும் விநாடிக்கு 448 ஜிபி என்ற ஒரே வேகத்தில் ஓடுகிறது. சீரீஸ் எக்ஸில் 10 ஜிபி 560-இல் பாயும், மீதி 6 ஜிபி 336-இல் ஊரும். எதை எந்தப் பகுதியில் வைப்பது என்று விளையாட்டை எழுதுபவர்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

2020 நவம்பரில் இரண்டு கன்சோல்களும் இரண்டு நாள் இடைவெளியில் வந்தபோது, தாளில் பலசாலியான சீரீஸ் எக்ஸ் எல்லாவற்றிலும் ஜெயிக்கும் என்று பலர் நம்பினார்கள். அந்த மாதமே வந்த அசாசின்ஸ் க்ரீட் வல்ஹாலா அந்தக் கணக்கைக் கலைத்தது. ஆரம்பப் பதிப்பில் விநாடிக்கு 60 ஃபிரேமை (திரையில் வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) ஒட்டி நின்றது பிளேஸ்டேஷன் 5. சீரீஸ் எக்ஸில் ஃபிரேம் சரிந்தது, படம் குறுக்கே கிழிந்தது. பிறகு வந்த பேட்சுகளில், அதாவது திருத்தப் பதிப்புகளில், நிலைமை சீரானது. மறுபுறம் கன்ட்ரோல் விளையாட்டின் ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் முறை) காட்சிகளை நிறுத்தி அளந்தபோது சீரீஸ் எக்ஸ் முன்னால் நின்றது. அன்றிலிருந்து இன்றுவரை கதை ஏறக்குறைய இதேதான்: ஒரு விளையாட்டில் இது, இன்னொன்றில் அது. இரண்டின் மூளையும் ஏஎம்டியின் ஜென் 2. கிராஃபிக்ஸும் அதே நிறுவனத்தின் ஆர்டிஎன்ஏ 2 குடும்பம். அண்ணன் தம்பி மாதிரியான இந்த இரண்டுக்கும் நடுவே வரும் வித்தியாசம், பெரும்பாலும் விளையாட்டை உருவாக்கிய குழு எந்தப் பதிப்புக்கு எவ்வளவு நேரம் கொடுத்தது என்பதன் வித்தியாசம்.

முன்பு இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013-இல் கால் ஆஃப் டியூட்டி: கோஸ்ட்ஸ் பிளேஸ்டேஷன் 4-இல் 1080பி-யிலும் (மேலிருந்து கீழே 1080 வரிசைப் பிக்சல்கள்) எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720பி-யிலும் ஓடியது. பிக்சல் எண்ணிக்கையில் இரண்டே கால் மடங்கு வித்தியாசம்; கண்ணாடி கழற்றிவிட்டுப் பார்த்தாலும் தெரியும். அதற்கும் முந்தைய தலைமுறையில், பிளேஸ்டேஷன் 3-இன் செல் சிப் எழுதுவதற்கு அவ்வளவு கடினமாக இருந்ததால், எக்ஸ்பாக்ஸ் 360-இல் துள்ளி ஓடிய பேயோனெட்டா அங்கே மூச்சு வாங்கியது. அந்தக் காலத்தில் ஒப்பீட்டுப் படங்களுக்கு அர்த்தம் இருந்தது. அந்தப் பழக்கம்தான் இன்னும் நம்மை விடவில்லை.

சரி, சுவரைப் பார்க்க வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது? ஃபிரேம் நேரத்தை. விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு படம் திரையில் 33.3 மில்லிவிநாடி நிற்கிறது. 60 என்றால் 16.7. நீங்கள் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் கத்தி சுழல்வதற்கும் இடையே உள்ள தாமதம் இதோடு சேர்ந்து குறைகிறது. ஆனால் சராசரி எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 60 படங்களில் 58 சரியான நேரத்தில் வந்து, இரண்டு மட்டும் 40, 50 மில்லிவிநாடி நின்றுவிட்டால் சராசரி அழகாகத்தான் இருக்கும். விளையாடுபவருக்கோ ஓடுகிற வண்டி குழியில் இறங்கி ஏறின மாதிரி இருக்கும். சீராக வரும் 30, தடுமாறும் 50-ஐவிட நிம்மதியானது. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார்கள். இரண்டையும் பத்து நிமிடம் விளையாட வைத்தால் அவர்களே சொல்வார்கள்.

இதற்கு என்னிடம் இருக்கும் சிறந்த உதாரணம் எல்டன் ரிங். 2022 பிப்ரவரியில் வந்தபோது பிளேஸ்டேஷன் 5, சீரீஸ் எக்ஸ் இரண்டிலும் படத்தின் அழகைவிட வேகத்துக்கு முதலிடம் தரும் செயல்திறன் பயன்முறைகூட 60-ஐ நிலையாகப் பிடிக்கவில்லை. ஆனால் பிளேஸ்டேஷன் 4-க்கான பதிப்பைப் பிளேஸ்டேஷன் 5-இல் போட்டு ஓட்டினால் கிட்டத்தட்ட முழு நேரமும் 60. புல் அடர்த்தி குறைவு, நிழல் சுமார், படம் கொஞ்சம் மங்கல். நிறுத்திவைத்த படத்தில் அந்தப் பதிப்பு தோற்றுப்போகும். ஒரு பாஸின் (பலசாலியான முக்கிய எதிரியின்) அடியிலிருந்து உருண்டு தப்பிக்க வேண்டிய கணத்தில் நான் அந்தப் 'தோற்ற' பதிப்பைத்தான் கேட்பேன்.

இங்கேதான் விஆர்ஆர் வருகிறது. கன்சோல் ஒரு படத்தை எப்போது முடிக்கிறதோ அப்போது திரை புதுப்பித்துக்கொள்ளும் வசதி அது. 50-க்கும் 60-க்கும் நடுவே அலையும் விளையாட்டு, இந்த வசதி உள்ள திரையில் ஏறக்குறைய சீராகவே தெரியும். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் கன்சோல்களில் இது முதலிலிருந்தே உண்டு. பிளேஸ்டேஷன் 5-க்கு 2022 ஏப்ரலில்தான் வந்தது. அதுவும் 48-லிருந்து 120 ஹெர்ட்ஸ் (திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பித்துக்கொள்கிறது என்ற அளவு) வரையிலான எல்லைக்குள் வேலை செய்கிறது. அதனால் 40-களுக்கு இறங்கும் விளையாட்டில் சீரீஸ் எக்ஸின் அனுபவம் மென்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒப்பீட்டுப் படங்களில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எக்ஸ்பாக்ஸ் பக்கம் நான் தயங்காமல் சொல்லும் பலங்களில் இது ஒன்று.

120 ஹெர்ட்ஸ் திரை இருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி, 40 ஃபிரேம் பயன்முறை. 40 என்றதும் 30-ஐவிடக் கொஞ்சம்தான் கூட என்று தோன்றும். நேரத்தில் கணக்குப் போட்டால் ஒரு படத்துக்கு 25 மில்லிவிநாடி, 33.3-க்கும் 16.7-க்கும் சரியாக நடுவில் நிற்கிறது. 120-ஐ மூன்றால் வகுத்தால் 40 என்பதால் திரையோடு அச்சாகப் பொருந்தும். 2021-இல் ராச்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் விளையாட்டுக்கு ஒரு பேட்சில் இந்த வசதி வந்த பிறகு பலரும் இதைப் பின்பற்றினார்கள். ரே டிரேசிங்கின் அழகையும் விடாமல், கையில் கனமும் தெரியாமல் விளையாட எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

திரையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சின்னக் கணக்கு. 4கே என்பது ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல், 1080பி-யைப் போல நான்கு மடங்கு. 55 அங்குலத் திரையில் ஒரு 4கே பிக்சலின் அகலம் சுமார் 0.32 மில்லிமீட்டர். சாதாரணப் பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும் என்று வைத்துக்கொண்டால், 1.1 மீட்டருக்கு அப்பால் அந்தப் பிக்சல்களைத் தனித்தனியாகக் காண முடியாது. 1080பி பிக்சலுக்கே எல்லை ஏறக்குறைய 2.2 மீட்டர். நீங்கள் சோபாவில் இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஒரு கன்சோல் 1440பி-யிலும் இன்னொன்று 1600பி-யிலும் வரைகிறது என்ற செய்தியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அசையும்போது மெல்லிய கம்பிகளும் இலைகளும் மினுமினுப்பது மட்டும் தூரத்திலிருந்தும் தெரியும். அதற்குப் பிக்சல் எண்ணிக்கையைவிட, குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கும் முறைதான் அதிகம் காரணம்.

என் வீட்டில் நடந்தது ஒன்று. புதுக் கன்சோல் வாங்கி இரண்டு வாரம், எதை விளையாடினாலும் கை ஒரு கணம் பின்தங்கியே இருந்தது. கன்சோலில்தான் கோளாறு என்று மாற்றக்கூட யோசித்தேன். கடைசியில் பார்த்தால், படத்தை மெருகேற்றுகிறேன் என்று தொலைக்காட்சி ஒவ்வொரு படத்தையும் பிடித்துவைத்து இடையில் தானாக வரைந்து சேர்த்துக்கொண்டிருந்தது. அமைப்புகளில் கேம் மோடை இயக்கியதும் எல்லாம் மாறிவிட்டது. இரண்டு கன்சோல்களுக்கு இடையே நான் அதுவரை பார்த்த எந்த வித்தியாசமும் அந்த ஒரு பொத்தான் செய்த வித்தியாசத்துக்குப் பக்கத்தில் வராது. புதுக் கன்சோலுக்குப் பணம் ஒதுக்கும் முன் உங்கள் திரையில் கேம் மோடு, விஆர்ஆர், 120 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.1 (கன்சோலையும் திரையையும் இணைக்கும் வேகமான இணைப்பு) இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் விலை கூடிய கன்சோலின் பலத்தில் ஒரு பகுதி கம்பியிலேயே நின்றுவிடும்.

இப்போது சீரீஸ் எஸ். 1080பி திரைக்கு இது போதும் என்று பலர் சொல்வார்கள். பல விளையாட்டுகளுக்கு அது உண்மையும்கூட. ரே டிரேசிங் இல்லாமல் ஓடவே ஓடாத இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், இந்தச் சின்னப் பெட்டியில் 60 ஃபிரேமில் ஓடியது. நல்ல குழு கிடைத்தால் இதிலும் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் எனக்கு உறுத்துவது கிராஃபிக்ஸ் சிப்பின் 4 டெராஃப்ளாப் அல்ல, 10 ஜிபி நினைவகம். அதிலும் 8 ஜிபிதான் வேகமானது. ரெசல்யூஷனை (பிக்சல் எண்ணிக்கையை) குறைத்து கிராஃபிக்ஸ் சுமையை இறக்கிவிடலாம். நினைவகத்தை அப்படிச் சுருக்க முடியாது. உலகம், பாத்திரங்கள், ஒலி எல்லாம் எங்கேயாவது உட்கார்ந்தாக வேண்டும். பால்டர்ஸ் கேட் 3 பிளேஸ்டேஷன் 5-க்கு 2023 செப்டம்பரில் வந்தது. திரையைப் பிரித்து இருவர் விளையாடும் வசதி சீரீஸ் எஸ்ஸில் அடங்காததால் எக்ஸ்பாக்ஸுக்கு அந்த டிசம்பர்வரை தள்ளிப்போனது. வந்தபோதும் சீரீஸ் எஸ்ஸில் மட்டும் அந்த வசதி இருக்கவில்லை; 2025-இல் வந்த ஒரு பேட்சில்தான் சேர்ந்தது. ஸ்டார்ஃபீல்டுக்கு 2024 மே மாதம் கிடைத்த 60 ஃபிரேம் பயன்முறையும் முதலில் சீரீஸ் எக்ஸுக்கு மட்டும்தான் வந்தது. படுக்கையறையில் இரண்டாவது கன்சோலாக, குழந்தைகளுக்காக, ஆன்லைன் போட்டி விளையாட்டுகளுக்காக என்றால் சீரீஸ் எஸ் வாங்கலாம். ஒரே கன்சோலை வாங்கி நாலைந்து வருடம் வைத்திருப்பேன் என்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

எதிர்முனையில் பிளேஸ்டேஷன் 5 புரோ. 2024 நவம்பரில் வந்தது. 60 அலகுகள், 16.7 டெராஃப்ளாப், 2 டெராபைட் சேமிப்பு. டிஸ்க் டிரைவ் தனியாக வாங்க வேண்டும். இதில் உண்மையான சரக்கு பிஎஸ்எஸ்ஆர் என்ற பெரிதாக்கும் முறை. குறைந்த தெளிவில் வரைந்த படத்தை, பயிற்சி பெற்ற மாதிரி ஒன்றை வைத்து உயர்ந்த தெளிவுக்குக் கொண்டுபோகிறது. ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபெர்த்தைச் சாதாரண பிளேஸ்டேஷன் 5-இல் 60 ஃபிரேமில் ஓட்டியவர்கள் படம் வாஸ்லைன் பூசின மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டார்கள், நியாயமாகத்தான். புரோவில் அதே 60-இல் படம் தெளிவாக நிற்கிறது. தரமா வேகமா என்று ஒவ்வொரு விளையாட்டிலும் கேட்கும் அந்தக் கேள்வி புரோவில் பல இடங்களில் மறைந்துபோகிறது. பெரிய 4கே திரைக்குக் கிட்டத்தில் உட்கார்ந்து, மங்கலைச் சகிக்க முடியாதவர்களுக்கு இது பொருந்தும்.

ஆனால் புரோ எல்லாவற்றையும் தீர்க்காது. அதன் சிபியு, அதாவது முதன்மை மூளை, அதே ஜென் 2; தேவைப்பட்டால் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவே. டிராகன்ஸ் டாக்மா 2-வில் நகரத்துக்குள் நுழைந்ததும் ஃபிரேம் சரிவது படம் வரைய முடியாததால் அல்ல. தெருவில் நடமாடும் அத்தனை பேரும் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று சிபியு கணக்குப் போட்டுக் களைத்துப்போவதால். பால்டர்ஸ் கேட் 3-இன் மூன்றாம் அங்கத்து நகரமும் அப்படித்தான். அந்த மாதிரி இடங்களில் கிராஃபிக்ஸ் சிப் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். உங்களுக்குப் பிடித்தவை பெரிய ஜனத்திரள் உள்ள விளையாட்டுகளா, அல்லது கண்ணைப் பறிக்கும் காட்சிகளா என்பதைப் பொறுத்து புரோவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தின் மதிப்பு மாறும்.

நின்டெண்டோ சுவிட்ச் 2-வை இந்த வரிசையில் வைத்து ஒப்பிடுவதே தவறு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2025 ஜூன் 5 அன்று அது வந்தபோதே சைபர்பங்க் 2077-உம் கூடவே வந்தது. 2020 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4-இல் ஓட முடியாமல் திணறி, சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்ட அதே விளையாட்டு, இப்போது கையில் பிடித்து விளையாடும் கருவியில் 40 ஃபிரேம் பயன்முறையோடு ஓடுகிறது. 12 ஜிபி நினைவகமும், பிஎஸ்எஸ்ஆர் போலவே படத்தைப் பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸும்தான் இதைச் சாத்தியமாக்கின. 7.9 அங்குல, 1080பி, 120 ஹெர்ட்ஸ் திரை, விஆர்ஆரும் உண்டு. அந்த அளவுத் திரையில் குறைந்த ரெசல்யூஷன் உறுத்தாது. பெரிய திரையில் போட்டு சீரீஸ் எக்ஸோடு பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டாம். பழைய சுவிட்சில் 30-ஐப் பிடிக்கவே பாடுபட்ட செல்டா: டியர்ஸ் ஆஃப் த கிங்டம் இதில் 60-இல் ஓடுவதைப் பார்க்கும்போது, அதை முதல் தடவை விளையாடப் போகிறவர்கள் மேல் எனக்குப் பொறாமையே வருகிறது. பேருந்திலும் மொட்டைமாடியிலும் விளையாடுபவருக்கும், மரியோவும் செல்டாவும் வேண்டும் என்பவருக்கும் வேறு பதில் கிடையாது.

எந்த விளையாட்டு எந்தக் கன்சோலில் மட்டும் கிடைக்கும் என்ற பழைய கணக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. ஃபோர்சா ஹொரைசன் 5, 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்துவிட்டது. ஆகஸ்டில் கியர்ஸ் ஆஃப் வார் ரீலோடடும் வந்தது. எக்ஸ்பாக்ஸ் வாங்கினால்தான் கிடைக்கும் என்ற பட்டியல் இப்படிச் சுருங்கிவருகிறது. ஆனால் பழைய விளையாட்டுகள் என்று வந்தால் சீரீஸ் எக்ஸுக்கு ஈடு இல்லை. முதல் எக்ஸ்பாக்ஸிலிருந்தும் 360-இலிருந்தும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை அது ஓட்டுகிறது, அவற்றில் பலவற்றை உயர்ந்த ரெசல்யூஷனில். ஃபிரேம் வேகத்தை இரட்டிப்பாக்கும் வசதியும் சிலவற்றுக்கு உண்டு. அலமாரி நிறைய பழைய எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்குகள் வைத்திருப்பவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

புதிதாக ஒரே ஒரு கன்சோல், வீட்டுத் திரைக்கு, எல்லா வகை விளையாட்டுக்கும் என்று கேட்டால் இன்று நான் சொல்வது சாதாரண பிளேஸ்டேஷன் 5, முடிந்தால் டிஸ்க் டிரைவோடு. அதன் கிராஃபிக்ஸ் சீரீஸ் எக்ஸைவிட மேல் என்பதால் அல்ல. இரண்டும் சமம்தான், அங்கங்கே பின்தங்கவும் செய்கிறது. சமமாக இருக்கும்போது விளையாட்டுகள் அதிகம் கிடைக்கும் பக்கம் போவது நல்லது. விஆர்ஆர் திரை இருந்து, பழைய விளையாட்டுகள் மேல் ஆசையும் இருந்தால் சீரீஸ் எக்ஸ். மிச்சமாகும் பணத்தை நல்ல திரையில் போடுவதா, புரோவில் போடுவதா என்று தயங்கினால் திரைக்கே என் ஓட்டு.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். நீங்கள் கட்டாயம் விளையாடப் போகும் மூன்று விளையாட்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஃபிரேம் நேர வரைகோட்டோடு வரும் ஒப்பீட்டு வீடியோ ஒன்றைத் தேடுங்கள். வெளியான நாளில் எடுத்தது வேண்டாம், கடைசிப் பேட்சுக்குப் பிறகு எடுத்தது வேண்டும். அமைதியான காட்சிகளைத் தாண்டி, வெடிப்பும் கூட்டமும் மழையும் சேர்ந்த இடத்துக்குப் போங்கள். அங்கே அந்தக் கோடு தட்டையாக ஓடுகிறதா, முள்ளு முள்ளாகக் குத்திட்டு நிற்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் சுவர் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் கண்ணைக் கோட்டிலேயே வைத்திருங்கள்.